கேட்டது கிடைக்கலன்னா? தைரியமா ஜெபிக்கிறது பத்தி ஒரு பேச்சு

வடசேரியிலிருந்து பேசறேன். பின்னால பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க. இங்க ராத்திரி பத்து மணிக்கும் அது நிக்காது.

இந்த வாரம் ஒரே ஒரு வாய்ஸ் நோட்டை எடுத்துக்கிட்டுப் பேசப்போறேன். பெங்களூருல வேலை பார்க்கிற ஒரு தங்கச்சி அனுப்பினது. மூணு மாசமா ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்ச்ல இருக்காங்க. ஊர்ல அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்குது. அவங்க கேட்டது இதுதான்: "அண்ணா, நான் ஜெபிக்கும்போது எப்பவும் 'உமக்குச் சித்தமானால்'னு சேர்த்துக்குவேன். எங்க சபையில ஒரு அக்கா அது அவிசுவாசம்னு சொல்றாங்க. 'கிடைச்சாச்சு, வாங்கியாச்சு'ன்னு அறிக்கை பண்ணணுமாம். எனக்கு அப்படிச் சொல்லப் பயமா இருக்கு. சொல்லிட்டு, கிடைக்கலன்னா? அதுக்கப்புறம் நான் யாரை நம்புறது? தைரியமா ஜெபிக்கிறதுன்னா என்னதான் அண்ணா?"

கேள்வி நேர்மையானது. பதிலும் அப்படியே இருக்கணும்னு ரெண்டு நாளா யோசிச்சேன்.

முதல்ல அந்தப் பயத்தைப் பத்திச் சொல்றேன். நம்ம வீடுகள்ல எப்படி வளர்ந்தோம்? சைக்கிள் வேணும்னா அப்பாகிட்ட நேரா கேட்டதுண்டா? அம்மாகிட்ட சொல்லி, அம்மா நல்ல நேரம் பார்த்து, சாப்பாடு முடிஞ்சு அவர் நாற்காலியில சாய்ஞ்ச பிறகு, "அவன் என்னமோ கேக்கான்"னு ஆரம்பிப்பாங்க. நாம கதவுக்குப் பின்னால நிப்போம். அதே பழக்கம் ஜெபத்துக்கும் வந்திடுச்சு. முதல்ல நாலு நிமிஷம் பரிசுத்தமும் மகத்துவமும்னு கலெக்டருக்கு மனு எழுதுற மாதிரி முகவுரை. பிறகு உலக சமாதானம், ஆளுகிற அதிகாரிகள், ஊழியக்காரர்கள். கடைசியில, குரல் இறங்கி, கிட்டத்தட்ட காதுல விழாத மாதிரி நம்ம விஷயம். "உமக்குச் சித்தமானால்"னு நாம சொல்றதுல பாதி நேரம் பணிவு இல்லை. கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிற வேலைதான் அது. கிடைக்கலன்னா, "நான் பெருசா ஒண்ணும் கேக்கலியே"ன்னு சொல்லிக்கலாம்ல?

அதனால அந்த அக்கா சொல்றதுல ஒரு பாதி உண்மை இருக்கு. பைபிள்ல ஜெபிக்கிற ஆட்கள் இப்படிப் பம்மிக்கிட்டுக் கேக்கிறவங்க இல்லை.

வடசேரி சந்தையை எடுத்துக்கோங்க. கனகமூலம் சந்தைன்னு பேரு. காலையில போய் நின்னா, ஏத்தங்குலைக்கு ஒரு பாட்டி எப்படிப் பேரம் பேசுவாங்கன்னு பார்க்கலாம். கடைக்காரர் ஒரு விலை சொல்வார், பாட்டி பாதியில ஆரம்பிப்பாங்க, போற மாதிரி திரும்புவாங்க, மறுபடி வருவாங்க. ஆதியாகமம் 18-ஆம் அதிகாரத்துல ஆபிரகாம் பண்றது அதேதான். சோதோம்ல 50 நீதிமான்கள் இருந்தா ஊரை விட்டுடுவீங்களான்னு ஆரம்பிக்கிறார். சரின்னு பதில் வருது. உடனே 45. அப்புறம் 40, 30, 20, கடைசியில 10. நடுவுல, தான் தூசியும் சாம்பலும்னு அவரே ஒத்துக்கிறார். ஒத்துக்கிட்டு அடுத்த ரேட்டைக் கேக்கிறார். பணிவும் பேரமும் ஒரே வாயில வருது. ஆண்டவர் ஒரு தடவைகூட "போதும் நிறுத்து"ன்னு சொல்லலை. முதல்ல பேரத்தை நிறுத்தினது ஆபிரகாம்தான்.

புதிய ஏற்பாட்டுல இதுக்கு ரெண்டு கிரேக்க வார்த்தைகள் இருக்கு. ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டா கேள்வியில பாதி தெளிஞ்சிடும்.

ஒண்ணு, பர்ரேசியா. எபிரெயர் 4-ஆம் அதிகாரத்துல, கிருபாசனத்துக்கிட்ட தைரியமா வரலாம்னு சொல்ற இடத்துல இருக்கிற வார்த்தை. இது முதல்ல சாமி விஷயத்துக்கான வார்த்தையே இல்லை. ஏதென்ஸ் நகரத்துல, சபையில எழுந்து மனசுல இருக்கிறதை ஒளிக்காமப் பேச ஒரு குடிமகனுக்கு இருந்த உரிமை அது. அடிமைக்கு அந்த உரிமை கிடையாது. ஆக, தைரியம்னு நாம மொழிபெயர்க்கிறதுக்குள்ள "முடிவு எனக்குச் சாதகமாத்தான் வரும்"ங்கிற உறுதி இல்லை. "என்னைப் பேச விடுவாங்க, நான் இந்த வீட்டு ஆள்"ங்கிற உறுதி இருக்கு. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

இன்னொண்ணு, அனைதெயா. லூக்கா 11-ல இயேசு சொல்ற கதையில வருது. நடுராத்திரியில ஒருத்தன் சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டி மூணு அப்பம் கேக்கிறான். பிள்ளைங்க எல்லாம் தூங்குது, போடான்னு உள்ளேயிருந்து பதில். அவன் போகலை. இந்த வார்த்தைக்கு நேரடி அர்த்தம் வெட்கமில்லாமைன்னுதான். நம்ம தமிழ் வேதாகமம் மரியாதையா மொழிபெயர்த்து வச்சிருக்கு. நாஞ்சில் நாட்டுப் பேச்சுல சொன்னா, "நாணமில்லாத பயல்"னு நம்ம ஆச்சிமார் திட்டுவாங்களே, அதுதான்! அவன் கேட்டதையும் கவனிங்க. "ஏதாவது இருந்தா குடு"ன்னு கேக்கலை. மூணு அப்பம். எண்ணிக்கை சொல்லிக் கேக்கிறான்.

இது வரைக்கும் அந்த அக்காவும் நானும் ஒரே பக்கம். பிரியிற இடம் இப்ப வருது.

"எனக்க விசுவாசம் பத்தல மக்ளே"

எங்க சொந்தத்துல ஒரு அத்தை. பேரு வேண்டாம், ஊரும் வேண்டாம். பல வருஷமா சர்க்கரை. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருத்தர், சுகம் கிடைச்சாச்சுன்னு அறிக்கை பண்ணச் சொன்னார். பண்ணாங்க. அப்புறம், சுகம் கிடைச்சவங்க எதுக்கு மாத்திரை சாப்பிடணும், சாப்பிட்டா அது சந்தேகம் தானேன்னு கேட்டார். அத்தை மாத்திரையை நிறுத்தினாங்க. வீட்டுல யாருக்கும் சொல்லலை. கால்ல செருப்பு கடிச்ச ஒரு புண், சின்னதுதான், ஆறவே இல்லை. தெரிய வந்தப்ப ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாச்சு.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அவங்க விரலைப் பத்தி அழலை. "எனக்க விசுவாசம் பத்தல மக்ளே"ன்னு சொல்லித்தான் அழுதாங்க. ஜெபிக்க வந்தவர் அதுக்கப்புறம் அந்தத் தெருப் பக்கம் வரலை.

இந்த முறை ஜெபத்துல எனக்கு இருக்கிற பெரிய கோபம் இதுதான். ஜெபம் கேக்கப்பட்டா பெருமை ஜெபிச்சவருக்கு. கேக்கப்படலன்னா பழி படுக்கையில கிடக்கிறவங்களுக்கு. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெபிச்சவர் தப்பிச்சிடுவார். மேலோட்டமாப் பார்த்தா ரொம்பத் தைரியமான ஜெபம் மாதிரி தெரியும். ஆனா உள்ள போய்ப் பார்த்தா, அங்க கடவுள்கிட்ட யாரும் எதுவும் கேக்கவே இல்லை. முடிவை முதல்லயே எழுதிட்டு, கையெழுத்துப் போடச் சொல்றாங்க.

மருந்து விஷயத்தை இங்கேயே முடிச்சிடுறேன், ஏன்னா அந்தத் தங்கச்சியோட அம்மா டயாலிசிஸ்ல இருக்காங்க. வடசேரியில கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி இருக்கு. ரட்சணிய சேனையோடது. ரட்சணிய சேனைக்காரங்களை ஜெபத்துல சளைச்சவங்கன்னு யாரும் சொல்ல முடியாது. முழங்கால்லயே பாதி நாள் இருந்த கூட்டம். அதுல ஹாரி ஆண்ட்ரூஸ்னு ஒரு இளைஞர் 1890-கள்ல நாகர்கோவிலுக்கு வந்தார். அப்ப அவர் டாக்டர்கூட இல்லை. சுத்தி நோயாளிகளைப் பார்த்திட்டு, தான் தங்கியிருந்த வீட்டுக் குளியலறையை மருந்து கொடுக்கிற இடமா மாத்தினார். அந்தக் குளியலறையிலிருந்து வளர்ந்ததுதான் இன்னிக்கு இருக்கிற ஆஸ்பத்திரி. 1900-லிருந்து பெர்சி டர்னர்ங்கிற டாக்டர் வந்து அதைக் கட்டி எழுப்பினார். ஆண்ட்ரூஸ் பிற்பாடு முறையா மருத்துவம் படிச்சார். 1919-ல வடமேற்கு எல்லையில, குண்டு பறக்கிற இடத்துல காயம்பட்டவங்களைக் கவனிச்சுக்கிட்டிருந்தப்ப செத்துப்போனார். ஜெபிச்சவங்கதான் மருந்துக் கடையையும் திறந்தாங்க, அவங்களுக்கு அதுல ஒரு முரணும் தெரியலை. அதனால தங்கச்சி, டயாலிசிஸ் ஒரு நாள்கூட தள்ளிப்போகக் கூடாது. நிறுத்தச் சொல்றவங்க யாரா இருந்தாலும், எவ்வளவு பெரிய மைக்கைப் பிடிச்சிருந்தாலும், கேக்காதீங்க.

ஆரல்வாய்மொழிக் காத்து

வடசேரியிலிருந்து திருநெல்வேலி பஸ்ல ஏறினா, கொஞ்ச நேரத்துல ஆரல்வாய்மொழி வரும். ரெண்டு மலைக்கு நடுவுல கணவாய், காத்து பஸ்ஸையே தள்ளும், காத்தாடி மரம் மாதிரி காற்றாலைகள். அங்க காற்றாடிமலைன்னு ஒரு இடம். 1752 ஜனவரி 14-ஆம் தேதி அங்கதான் தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்னாங்க.

நான் புராட்டஸ்டண்ட் வீட்டுல வளர்ந்தவன். புனிதர்கள்கிட்ட வேண்டிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனா இந்த மாவட்டத்துல இருந்துக்கிட்டு ஜெபத்தைப் பத்திப் பேசறப்ப இந்த மனுஷனைத் தாண்டிப் போக முடியாது.

அவர் முதல் பேரு நீலகண்ட பிள்ளை. நட்டாலத்துக்காரர். மார்த்தாண்ட வர்மா காலத்துல பத்மநாபபுரம் அரண்மனையில அதிகாரி. 1741 குளச்சல் போர்ல பிடிபட்டு, அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தவர் டச்சுப் படையில இருந்த டிலன்னாய். ரெண்டு பேரும் பழக்கமானாங்க. நீலகண்ட பிள்ளையோட குடும்பத்துல வரிசையா நஷ்டம், மனுஷர் உடைஞ்சு போயிருக்கார். அப்ப டிலன்னாய் அவருக்குச் சொன்ன கதை யோபு.

இதை யோசிச்சுப் பாருங்க. பைபிள்ல எத்தனையோ அற்புதக் கதை இருக்கு. செங்கடல் இருக்கு, அஞ்சு அப்பம் இருக்கு, லாசரு இருக்கு. கஷ்டத்துல இருக்கிற ஒரு அதிகாரியை இழுக்கணும்னா அதுல ஒண்ணைச் சொல்லியிருக்கலாம். டிலன்னாய் சொன்னது, எல்லாத்தையும் இழந்து சாம்பல்ல உக்காந்து கடவுளோட வழக்காடுற ஒருத்தனோட கதை. யோபுவை நாம பொறுமைக்கு உதாரணமாச் சொல்லிச் சொல்லிக் கெடுத்து வச்சிருக்கோம். புத்தகத்தைத் திறந்து படிச்சா, முதல் ரெண்டு அதிகாரத்துக்குத்தான் அந்தப் பொறுமை. அப்புறம் பக்கம் பக்கமாச் சண்டை. ஏன் என்னைக் குறி வச்சீங்க, என் மேல என்ன குற்றம், நேர்ல வாங்க, என் வழக்கைக் கேளுங்கன்னு. அவனோட மூணு சிநேகிதங்க கடவுளுக்காக வக்காலத்து வாங்குறாங்க. நீ எங்கயோ தப்பு பண்ணியிருப்பே, அதான் இப்படின்னு. நம்ம ஊர்ல "உன் விசுவாசம் பத்தல"ன்னு சொல்றாங்களே, அந்தப் பேச்சோட தாத்தா அதுதான். கடைசி அதிகாரத்துல ஆண்டவர் யார் பக்கம் நிக்கிறார் தெரியுமா? அந்த சிநேகிதங்க மேல கோபப்பட்டு, என் ஊழியன் யோபு மாதிரி நீங்க சரியாப் பேசலைன்னு சொல்றார். சண்டை போட்டவன் பேசினது சரி, வக்காலத்து வாங்கினவங்க பேசினது தப்பு.

இந்தக் கதையைக் கேட்டு விசுவாசத்துக்குள்ள வந்த மனுஷர், 1745 மே 14-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்குறார். வச்ச பேரு லாசரு. எபிரெய மொழியில கடவுள் உதவினார்னு அர்த்தம் வர்ற பேரு. அதையே தமிழ்ப்படுத்தினா தேவசகாயம். நாலு வருஷத்துல, 1749-ல, கைது. எருமை மேல பின்பக்கமாத் திருப்பி உக்கார வச்சு ஊர் ஊராக் கொண்டு போனாங்க. கிட்டத்தட்ட மூணு வருஷம் சிறையும் சித்திரவதையும். புலியூர்க்குறிச்சியில அவர் தாகத்துல ஜெபிச்சப்ப பாறையில தண்ணி வந்ததுன்னு இன்னிக்கும் ஜனங்க போய்ப் பார்க்கிறாங்க.

அந்தத் தண்ணியை நம்புறவங்க நம்புங்க. என் மனசு நிக்கிற இடம் வேற. அந்த நம்பிக்கைப்படியே பார்த்தாலும், தாகத்துக்குத் தண்ணி கிடைச்சிருக்கு, விடுதலை கிடைக்கலை. தேவனே சகாயம்னு பேரு வச்சிருந்தவருக்குக் கடைசியில காற்றாடிமலையில துப்பாக்கிதான். அப்ப அவரோட ஜெபம் தோத்துப்போச்சா? அவருக்கு விசுவாசம் பத்தலன்னு சொல்ல நம்மள்ல யாருக்காவது வாய் வருமா? கோட்டாறு பேராலயத்துல அவர் உடலைப் புதைச்சாங்க. 2012 டிசம்பர் 2-ல நாகர்கோவில்ல அவரை அருளாளரா அறிவிச்சப்ப ஊரே திரண்டு போச்சு. 2022 மே 15-ல ரோம்ல புனிதர். இதெல்லாம் பின்னால வந்தது. அந்த மூணு வருஷத்துல ஒரு நாளும் அவருக்கு இது தெரியாது. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம், பதில் வராட்டாலும் பேசலாம்னு யோபு காட்டின வழி மட்டும்தான்.

டோனாவூர் அம்மா கேட்ட ஒரு ஜெபம்

அதே பக்கம் இன்னும் போய், வள்ளியூர் ஏர்வாடி தாண்டினா டோனாவூர். ஆமி கார்மைக்கேல் வாழ்ந்த இடம். அவங்க கதையை சண்டே ஸ்கூல் போனவங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க. அயர்லாந்துல சின்னப் பிள்ளையா இருந்தப்ப, தன் பழுப்புக் கண்ணை நீலக் கண்ணா மாத்தித் தரும்படி ராத்திரி ஜெபிச்சிட்டுப் படுத்தாங்க. காலையில கண்ணாடியில பார்த்தா அதே பழுப்பு. பிற்காலத்துல இந்தியாவுக்கு வந்து, சேலை கட்டி, கோயில்களுக்கு விடப்படுற பெண் குழந்தைகளைக் காப்பாத்துற வேலையில இறங்கினப்ப, அந்தப் பழுப்புக் கண்ணு உதவிச்சு. டீச்சர் இதோட புத்தகத்தை மூடிடுவாங்க. பார்த்தீங்களா, கிடைக்காததும் நன்மைக்கேன்னு.

அழகான கதைதான், ஆனா எனக்கு அதுல கொஞ்சம் சங்கடம் உண்டு. எல்லா "இல்லை"க்கும் இருபது வருஷம் கழிச்சு ஒரு விளக்கம் வந்து சேரும்னு அது நம்ப வைக்குது. அதே ஆமியோட பிற்கால வாழ்க்கையை சண்டே ஸ்கூல்ல சொல்றதில்லை.

நடுவுல நடந்தது பெரிய கதை. 1901-ல ப்ரீனான்னு ஒரு ஏழு வயசுக் குழந்தை தப்பிச்சு வந்து அவங்ககிட்ட சேர்ந்ததுல ஆரம்பிச்சு, நூத்துக்கணக்கான பிள்ளைங்க. யார்கிட்டயும் பணம் கேக்கிறதில்லைன்னு வச்சுக்கிட்டாங்க. தேவையைக் கடவுள்கிட்ட சொல்வாங்க, தெளிவாச் சொல்வாங்க. பதில் கிடைச்ச ஜெபம்னு ஒரு பட்டியல் போட்டா டோனாவூர்ல பெரிய பட்டியலே போடலாம்.

1931 அக்டோபர் 24. அன்னிக்குக் காலையில அவங்க ஜெபிச்சது, என் பிள்ளைகளுக்கு உதவியா இருக்க என்னைத் தகுதியாக்க எது தேவையோ அதை எனக்குச் செய்யுங்கங்கிற மாதிரி ஒரு ஜெபம். கேக்க எவ்வளவு துணிச்சல்! அன்னிக்குச் சாயங்காலம் களக்காட்டுல, புதுசா எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்துல, இருட்டுல ஒரு குழியில விழுந்தாங்க. கால் உடைஞ்சது, முதுகு போச்சு. முன்னே மாதிரி எழுந்து நடமாடவே முடியலை. சுகத்துக்காக எவ்வளவோ ஜெபிச்சாங்க. டோனாவூர் முழுக்க ஜெபிச்சது. வரலை. 1951 ஜனவரியில இறக்கிற வரைக்கும், கிட்டத்தட்ட இருபது வருஷம், பெரும்பாலும் அந்த ஒரு அறைதான். அங்கயிருந்தே நிறைய புத்தகங்கள் எழுதினாங்க. அதுல ஒண்ணு நோயாளிங்களுக்காக நோயாளி எழுதினது. நல்லா இருக்கிறவங்க எழுதின ஆறுதல் புத்தகங்கள் படுக்கையில இருக்கிறவங்களுக்கு உதவறதில்லைன்னு அவங்களே உணர்ந்து எழுதினது.

அந்தப் புத்தகங்களுக்காகத்தான் விழுந்தாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னா திரும்பவும் நீலக் கண்ணுக் கதைக்குத்தான் போவோம். இருபது வருஷ வலிக்கு ஒரு ரசீது ஒட்ட எனக்கு உரிமை இல்லை. நான் பார்க்கிறது ஒண்ணே ஒண்ணு. பணத்துக்கு ஜெபிச்சு வந்தப்பவும், சுகத்துக்கு ஜெபிச்சு வராதப்பவும், அந்த அம்மா ஜெபிக்கிற ஆளாவே இருந்தாங்க. கேக்கிறதை நிறுத்தலை.

அப்ப மாற்கு 11?

இப்ப நீங்க கேப்பீங்க. அண்ணா, மாற்கு 11-ல, ஜெபத்துல கேக்கிறதைப் பெத்துக்கிட்டோம்னு நம்பச் சொல்லி இயேசுவே சொல்லியிருக்காரே? யாக்கோபு, சந்தேகப்படுறவன் கடல் அலை மாதிரின்னு சொல்றாரே?

சொல்லியிருக்கார். நான் அதை வழுக்கிக்கிட்டுப் போகலை. ஆனா அதே மாற்குல மூணு அதிகாரம் தள்ளி கெத்செமனே இருக்கு. அங்க ஜெபிக்கிறது யாரு? மாற்கு 11-ஐச் சொன்ன அதே ஆள். பிதாவால எல்லாம் முடியும்னு ஆரம்பிக்கிறார், அது விசுவாசம். இந்தப் பாத்திரத்தை எடுத்திடுங்கன்னு கேக்கிறார், அது நேரடியான, குறிப்பான, வெட்கமில்லாத விண்ணப்பம். அப்புறம், என் விருப்பம் இல்லை, உங்க விருப்பம்னு முடிக்கிறார். "உமக்குச் சித்தமானால்"ங்கிறதோட அர்த்தம் இதுதான். அது அவிசுவாசம்னா, அதை அவரே சொல்லியிருக்கார். என்ன வித்தியாசம்னா, அவர் அதைக் கேட்டு முடிச்ச பிறகு சொன்னார். நாம கேக்கிறதுக்குப் பதிலாச் சொல்லிடுறோம்.

எபிரெயர் 11-ஐயும் ஒரு தடவை முழுசாப் படிங்க. விசுவாசத்தினாலே விசுவாசத்தினாலேன்னு வெற்றிப் பட்டியல் போகுது, சிங்கத்தோட வாயை அடைச்சாங்க, செத்தவங்களை உயிரோட திரும்ப வாங்கினாங்கன்னு. 35-ஆம் வசனத்துல, நடு வசனத்துல, பட்டியல் அப்படியே திரும்புது. வேற சிலர் வாதிக்கப்பட்டாங்க, அடிபட்டாங்க, வாளால செத்தாங்கன்னு. எழுதினவர் ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே விசுவாசம்னுதான் சொல்றார். ரெண்டாவது கூட்டத்துக்கு மார்க் குறைக்கலை.

சந்தேகம் இருந்தா ஜெபம் செல்லாதான்னு பயப்படுறவங்களுக்கு மாற்கு 9-ல ஒரு அப்பா இருக்கார். பையனுக்கு வலிப்பு. நம்புறேன், என் நம்பாமைக்கு உதவி செய்யுங்கன்னு ஒரே மூச்சுல ரெண்டையும் கத்துறார். அந்தப் பையன் குணமானான். அப்பாவோட விசுவாசத்துக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கலை.

முன்னாடி பர்ரேசியாவைப் பிடிச்சு வச்சுக்கச் சொன்னேன்ல. தங்கச்சி, "கிடைச்சாச்சு"ன்னு சொல்ல உங்களுக்குப் பயமா இருக்கிறதுக்குக் காரணம், அது உண்மை இல்லைன்னு உங்க மனசுக்குத் தெரியும். ப்ராஜெக்ட் இன்னும் கிடைக்கலை. அம்மாவுக்கு வாரம் வாரம் டயாலிசிஸ் நடக்குது. அதை மறைச்சுப் பேசினா அது பர்ரேசியா இல்லை, வேஷம். உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேக்கிறதுதான் அந்த வார்த்தை.

நான் என்ன பண்றேன்னு கேக்கிறவங்களுக்காக இதையும் சொல்லிடுறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி போட்டு, கேக்கிறதை ஒரே வரியில எழுதுவேன். "நல்ல வேலை வேணும்"னு எழுத மாட்டேன். எந்த வேலை, எந்தத் தேதிக்குள்ளன்னு எழுதுவேன். எழுதறப்பவே வெட்கமா இருக்கும், அந்த வெட்கம் போகணும்னுதான் எழுதறது. கிடைச்சா பக்கத்துல தேதி. "இல்லை"ன்னு ஆயிட்டா, அதையும் எழுதி, என் கோபத்தையும் எழுதிடுவேன். சில பக்கத்துல பேனா கிழிச்ச அடையாளம்கூட இருக்கு. ரெண்டும் இல்லாம சும்மா காலியா நிக்கிற வரிகள்தான் அதிகம். மாசத்துல ஒரு நாள் அதை மட்டும் எடுத்துத் திரும்பவும் கேப்பேன். நடுராத்திரியில மூணு அப்பம் கேட்டானே, அந்த மாதிரி.

அத்தை பேரும் அந்த நோட்டுல இருக்கு. அவங்க இப்ப மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறாங்க, ஜெபமும் பண்றாங்க. ஆனா தனக்குன்னு எதையும் கேக்கிறதில்லை, இன்னும். பேரப்பிள்ளைகளுக்குக் கேப்பாங்க, ஊருக்குக் கேப்பாங்க. போன வாரம் போனப்ப, "உங்க கால் வலிக்கு ஒரு வரி கேளுங்க அத்தே"ன்னு சொன்னேன். சிரிச்சிட்டு விட்டுட்டாங்க. அந்த வரியை நான் எழுதி வச்சிருக்கேன்.

தங்கச்சி, உங்க அம்மாவோட பேரையும், உங்க கம்பெனியில நீங்க எதிர்பார்க்கிற ப்ராஜெக்ட் பேரையும் எனக்கு அனுப்புங்க. இங்க நாலஞ்சு பேர் சேர்ந்து கேக்கிறோம். அடுத்த எபிசோட் உபவாசம் பத்தி, அதுக்கும் கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் போடுங்க. ஒரு நிமிஷத்துக்கு மேல போகாம பார்த்துக்கோங்க, ப்ளீஸ்.